நாலு சலான்

பனந்தோப்புத் தெருவில் தைலம்மாளுக்கு வட்டிக்காரி என்று பெயர் வைத்தவர்கள் அந்தத் தெருவின் ஆண்பிள்ளைகள். அப்படிப் பெயர் வைக்கத் தோதாகக் கதை கட்டிக் கொடுத்தவர்கள் அவர்களுடைய பெண்டாட்டிமார். தைலம்மாளோ பிறந்த நாளிலிருந்து யாருக்கும் ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்தவள் இல்லை. கொடுப்பதற்கு அவளிடம் ஒரு ரூபாய் மிச்சம் இருந்ததும் இல்லை.

கடலூர் முதுநகரைத் தாண்டி சிப்காட்டுக்குப் போகிற வழியில் இடதுகைப் பக்கம் பிரிகிறது அந்தத் தெரு. கடைசி வீடு தைலம்மாளுடையது. வீடு என்றால் வாடகை வீடு; ஓர் அறை, ஒரு சமையல் மூலை. புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன், பதினோரு வருஷத்துக்கு முன்பு நெஞ்சு வலியில் போய்விட்டான். பிள்ளை இல்லை. அரசாங்கம் அவளை ‘ஆதரவற்ற விதவை’ என்று எழுதிக்கொண்டு மாதம் இருநூறு ரூபாய் கொடுக்க ஆரம்பித்தது. ஆதரவற்ற என்ற வார்த்தையை முதல்முதலில் கேட்டபோது அவளுக்குக் கோபம்தான் வந்தது. பணம் வந்த பிறகு கோபம் போய்விட்டது.

அந்த இருநூறு நானூறாகி, ஐந்நூறாகி, போன வருஷம் ஆயிரமாக ஆனது. கூடவே பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வரும் முந்திரிக் கொட்டையை உடைத்துக் கொடுத்து நாளுக்கு நாற்பதோ ஐம்பதோ பார்த்துக்கொண்டிருந்தாள். டிசம்பர் கடைசியில் அடித்த தானே புயல் முந்திரி மரங்களை வேரோடு சாய்த்துவிட்டுப் போனது. மரமே இல்லாதபோது கொட்டைக்கு எங்கே போவது? ஆக, 2012ஆம் வருஷத்தில் ஐம்பத்தாறு வயது தைலம்மாளுக்கும் பட்டினிக்கும் நடுவில் நின்றது தபால்காரர் கொண்டுவந்து எண்ணிக் கொடுக்கும் அந்த ஆயிரம் ரூபாய்தான். வேறு ஒன்றும் கிடையாது.

இதைக் கேட்டுவிட்டு, அப்படிப்பட்டவள் பெயரில் சிதம்பரத்து பாங்கில் அறுபத்து நாலாயிரம் ரூபாய் எப்படி வந்தது என்று நீங்கள் கேட்பீர்கள். அரசாங்கமும் அதைத்தான் கேட்டது.

எல்லாம் கொளஞ்சியிடமிருந்து ஆரம்பித்தது. நான்காவது வீட்டுக்காரி. எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் இருநூறு ரூபாயை மடித்து எடுத்துக்கொண்டு வந்து, இதை எங்கேயாவது வை அக்கா என்று நின்றாள். அவள் புருஷனுக்கு மோப்பம் ஜாஸ்தி. அரிசிப் பானைக்கு அடியில் வைத்தாலும் எடுத்துவிடுவான், சாமி படத்துக்குப் பின்னால் வைத்தாலும் எடுத்துவிடுவான். ஒருமுறை மாதவிலக்குத் துணி மூட்டைக்குள் சொருகி வைத்ததைக்கூட விடவில்லை. தைலம்மாள் வீட்டுக்குள் எந்த ஆண்பிள்ளையும் வரமாட்டான். அதுதான் அவளிடம் இருந்த ஒரே இரும்புப் பெட்டி.

கொளஞ்சியைப் பார்த்து ரத்தினம்மாள் வந்தாள், அப்புறம் பவானி வந்தாள், கடைசியில் மலர்க்கொடி. நாலு பேர் பணத்தையும் அடுப்பு மூலையில் வைத்துக்கொண்டு தூக்கம் வராமல் தவித்த தைலம்மாள், பாங்கில் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். முதுநகரிலேயே பாங்க் இருக்கிறது. ஆனால் அங்கே பணம் கட்டினால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குச் சேதி வந்துவிடும். இந்தத் தெரு ஆட்கள் நிற்காத இடம் முதுநகரில் எது? சிதம்பரத்தில் தெரிந்த முகம் இல்லை. தில்லைக் காளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு மாதம் ஒருமுறை பஸ் ஏறினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். காளியையும் அவள் ஏமாற்றவில்லை. பாங்க் வேலை முடிந்ததும் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் வருவாள்.

ஒரே புத்தகத்தில் நாலு பேர் காசு. யார் எவ்வளவு என்று தெரிய வேண்டும், ஆனால் எங்கேயும் பெயர் எழுதக் கூடாது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன தைலம்மாள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மொய் எழுதுகிறவர்கள் நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து வைப்பார்கள் இல்லையா, அதுபோல ஒவ்வொருத்திக்கும் ஒரு கடைசி ரூபாய். கொளஞ்சி இருநூறு போட்டால் இருநூற்று ஒன்று. ரத்தினம்மாளுக்கு இரண்டு, பவானிக்கு மூன்று, மலர்க்கொடிக்கு நாலு. எடுக்கும்போதும் அப்படியே. புத்தகத்தைப் பிரித்து, ஒரே கடைசி எண்ணில் முடிகிற தொகைகளை மட்டும் கூட்டிக் கழித்துக்கொண்டே போனால் யார் காசு எவ்வளவு என்று தெரிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பாங்க் போடும் வட்டி மட்டும் யாருடையதும் இல்லாமல் வந்து உட்காரும். அதை எடுத்து நாலு பேருக்கும் ஆளுக்கொரு ரவிக்கைத் துணி வாங்கிக் கொடுத்துவிடுவாள்.

இதனால் ஒவ்வொரு மாதமும் அவள் நாலு சலான் எழுத வேண்டியிருந்தது. கவுன்டரில் இருந்தவர் மொத்தமாக ஒரே சலானில் போடக்கூடாதா என்று வருஷக்கணக்காகச் சலித்துக்கொண்டார். வேண்டுதல் என்று சொல்லிவிட்டாள். இப்படியும் ஒரு வேண்டுதலா என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு முத்திரை குத்துவார்.

இதுவரை எல்லாம் சரி. வினை வந்தது வேறு பக்கத்திலிருந்து. சேர்த்த பணத்தை ஒருநாள் எடுக்கத்தானே வேண்டும்? பிள்ளைக்குப் பள்ளிக்கூடப் பணம், அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனால், இது ஏது என்று புருஷன் கேட்பான். நாலு பேரும் கூடிப் பேசி வைத்துக்கொண்ட பதில், தைலக்காவிடம் கைமாற்று வாங்கினேன் என்பது. மாதாமாதம் அவளிடம் ஏன் பணம் கொடுக்கிறாய் என்றால், பழைய கடனை அடைக்கிறேன் என்பது. கதை கச்சிதமாக இருந்தது. கடன் என்றால் ஆண்பிள்ளைகள் நம்பிவிடுவார்கள். சேமிப்பு என்று சொன்னால்தான் நம்பமாட்டார்கள்.

எட்டு வருஷமாக இப்படி நாலு வீட்டிலும் கடன் அடைந்தபாடில்லை. பவானியின் புருஷன் காத்தவராயன் சும்மா இருக்கவில்லை. அவன் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலைக்காரன். கெட்டவன் என்று சொல்லிவிட முடியாது. கையில் காசு இருந்தால் ஊரில் இருக்கிறவன் எல்லாம் அவனுக்கு மச்சான்; மச்சான்களுக்குப் பிரியாணியும் குவார்ட்டரும் வாங்கிக் கொடுத்தே சம்பளத்தைக் கரைப்பான். அவன் ஒருநாள் லோடு ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போன இடத்தில் தைலம்மாள் பாங்கிலிருந்து புத்தகத்தோடு இறங்கி வருவதைப் பார்த்துவிட்டான். அவனுக்கு வயிறு எரிந்தது. தன் பெண்டாட்டியை எட்டு வருஷமாக உறிஞ்சுகிறவள், அரசாங்கப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, திருட்டுத்தனமாகச் சிதம்பரத்தில் போட்டு வைக்கிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது. அவன் இருந்த இடத்தில் யார் இருந்தாலும் அப்படித்தான் பட்டிருக்கும்.

மொட்டைக் கடிதம் போடுகிற ஆள் இல்லை காத்தவராயன். சொந்தப் பெயரில் மனு எழுதி, மற்ற மூன்று புருஷன்மாரிடமும் கையெழுத்து வாங்கி, தாலுகா ஆபீசில் கொடுத்து ரசீதும் வாங்கிக்கொண்டான்.

விசாரணைக்கு வந்தவள் வெண்மதி. அந்தப் பகுதிக்குப் புதிதாக வந்திருந்த வி.ஏ.ஓ. இருபத்தைந்து வயது இருக்கும். கதவருகில் செருப்பை விட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தாள். டி.வி. இருக்கிறதா என்று கேட்டாள். அரசாங்கம் கொடுத்தது இருந்தது. கேஸ் அடுப்பு இருக்கிறதா என்று கேட்டாள்; அதுவும் அரசாங்கம் கொடுத்ததுதான். எழுதிக்கொண்டே வந்தவள், தயங்கி, நீங்கள் வட்டிக்கு விடுவதாகப் புகார் வந்திருக்கிறது என்றாள்.

அந்த இடத்தில் தைலம்மாள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். பாங்குக் கணக்கு இருக்கிறதா என்று அந்தப் பெண் அதுவரை கேட்கவே இல்லை. ஆனால் வட்டி என்ற வார்த்தை அவளைச் சுட்டுவிட்டது. அவளுடைய புருஷன் சாவதற்கு முந்தைய வருஷம் மீட்டர் வட்டிக்காரன் ஒருவன் இதே வாசலில் நின்று பேசிய பேச்சை அவள் இன்னும் மறக்கவில்லை. விறுவிறுவென்று போய்ப் பெட்டியைத் திறந்து பாஸ்புத்தகத்தைக் கொண்டுவந்து வெண்மதி மடியில் போட்டாள்.

“இத பாரும்மா. வட்டிக்கு விடறவ புக்கா இது? நீ படிச்ச பொண்ணு, பாத்துட்டுச் சொல்லு.”

வெண்மதி பார்த்தாள். கடைசிப் பக்கத்தில் 64,310 என்று இருந்தது. தைலம்மாளுக்கும் அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? புத்தகம் அரசாங்கத்தின் மடிக்குப் போய்விட்டது.

வெண்மதி முதல் பக்கத்துக்குப் போய் ஒவ்வொரு வரியாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள். பிறகு பென்சிலை எடுத்துத் தனித் தாளில் எதையோ கூட்ட ஆரம்பித்தாள். கூட்டி முடித்துவிட்டு நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

“எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுலயே முடியுதும்மா. உங்களோட நம்பர் எது?”

தைலம்மாள் அவளையே பார்த்தாள். சிதம்பரத்துக் கவுன்டர்க்காரருக்கு எட்டு வருஷமாகப் பிடிபடாத விஷயம் இந்தப் பெண்ணுக்கு அரை மணி நேரத்தில் பிடிபட்டுவிட்டது.

“எனுக்கு ஏதும்மா நம்பரு,” என்றாள்.

வெண்மதி புத்தகத்தை மூடினாள். யார் யார் என்று பெயரைச் சொல்லுங்கள், அப்படியே எழுதிவிடுகிறேன், உங்கள் பென்ஷனுக்கு ஒன்றும் ஆகாது என்றாள். எழுதினால் அதை யார் படிப்பார்கள் என்று தைலம்மாள் கேட்டாள். தாசில்தார் படிப்பார், மனுக் கொடுத்தவருக்கும் பதில் போகும், அவர் கேட்டால் அறிக்கையின் நகலும் கொடுக்க வேண்டியிருக்கும் என்று வெண்மதி மறைக்காமல் சொன்னாள். மனுக் கொடுத்தவன் யார் என்று தைலம்மாளுக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டவர்கள் யார் என்றும் தெரியும். நாலு பெண்களும் யாருக்குத் தெரியக் கூடாது என்று எட்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தார்களோ, அந்த நாலு பேர் கைக்கே அரசாங்கம் முத்திரை குத்தி அனுப்பி வைக்கும்.

“அப்ப என் காசுன்னே எழுதிக்கம்மா.”

“அப்படி எழுதுனா பென்ஷன் நின்னுடும்மா. ஆயிரம் ரூபா.”

“தெரியும்.”

அந்தப் பெண் எழுதவில்லை. நேரில் வந்து தாசில்தாரிடமே சொல்லுங்கள் என்று ஒரு தேதியைக் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது தாளை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அதில் நாலு கூட்டல் தொகை இருந்தது, பெயர் ஒன்றும் இல்லை.

அன்றைக்கு மத்தியானமே சேதி தெரிந்து நாலு பேரும் தண்ணீர்க் குழாயடியில் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். குடத்தை வைத்தது வைத்தபடி இருக்க, குழாயில் தண்ணீர் வழிந்து ஓடியது. என் புருஷனுக்குத் தெரிந்தால் காசும் போகும், காலும் உடையும் என்று கொளஞ்சி அழுதாள். மலர்க்கொடி யாராவது வருகிறார்களா என்று தெருவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். யார் பெயரும் என் வாயில் வராது, போய்க் குடத்தை நிரப்புங்கள் என்று தைலம்மாள் சொன்னாள். பவானி மட்டும் கொஞ்சம் பின்தங்கி நின்றாள். தன்னைச் சாட்சிக்கு வரச் சொல்கிறான் புருஷன், வட்டிக்கு வாங்கினேன் என்று தாசில்தாரிடம் சொல்ல வேண்டுமாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

“போயி சொல்லிடு,” என்றாள் தைலம்மாள். “உனுக்கு வேற வழி இன்னா இருக்கு.”

சொல்லிவிட்டாளே தவிர, வீட்டுக்கு வந்ததும் அவள் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. கந்துவட்டி என்று எழுதிவிட்டால் போலீசுக்குப் போகும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். பென்ஷன் போனால் வாடகை போகும், வாடகை போனால் வீடு போகும். எங்கே போவது? யாரிடம் போவது? ஆதரவற்ற என்று அரசாங்கம் எழுதியது சரிதான் என்று அன்றைக்குத்தான் அவள் ஒப்புக்கொண்டாள்.

தனி தாசில்தார் தேவசகாயம் ஓய்வு பெறுகிற வயதில் இருந்தவர். மனுஷர் கடுகடுவென்று இருப்பார் என்று நினைத்துப் போன தைலம்மாளுக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். அறைக்குள் அவரோடு வெண்மதி, காத்தவராயன், பவானி. மற்ற மூன்று புருஷன்மாரும் சாட்சிக்கு என்று சட்டையெல்லாம் தேய்த்துப் போட்டுக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு திறந்தேதான் இருந்தது.

காத்தவராயன் தன் கட்சியைச் சொன்னான். நன்றாகவே சொன்னான். எட்டு வருஷமாகத் தன் பெண்டாட்டி மாதம் தவறாமல் இந்த அம்மாவிடம் பணம் கட்டுகிறாள், அசல் தீர்ந்தபாடில்லை, அவள் ஒரு நல்ல புடவை எடுத்து மூன்று தீபாவளி ஆகிறது என்று சொல்லிப் பவானியின் புடவையைக் காட்டினான். அதைக் கேட்டு, அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி தைலம்மாளுக்கு அங்கேயே போய்விட்டது. முட்டாள் பயல், பெண்டாட்டிமேல் இவ்வளவு உயிரை வைத்துக்கொண்டு சம்பளத்தை ஏன் மச்சான்களுக்குக் கொட்டினான் என்று நினைத்துக்கொண்டாள்.

தாசில்தார் பவானி பக்கம் திரும்பினார். எவ்வளவு கடன் வாங்கினீர்கள், என்ன வட்டி என்று கேட்டார். பவானி புடவை நுனியை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

“பயப்படாத. சொல்லு,” என்றான் காத்தவராயன்.

“நான் கடன் வாங்கல சார்,” என்றாள் பவானி.

“பின்ன மாசாமாசம் என்னத்தைக் குடுத்தீங்க?”

“குடுத்து வச்சேன் சார். எங்காசு. அந்த புக்குல மூணுல முடியறது எல்லாம் எங்காசு. அவுங்க எனுக்கு ஒரு பைசா வட்டிக்குக் குடுக்கல. எங்கிட்டேருந்து ஒரு பைசா எடுக்கவும் இல்ல.”

தைலம்மாளுக்கு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது எதற்கு, பாவி, நீயாகப் போய் மாட்டிக்கொண்டாயே என்று கத்தத் தோன்றியது. காத்தவராயன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. மேசைமேல் இருந்த அந்தப் புத்தகத்தைப் பார்த்தபடி நின்றான்.

தாசில்தார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புத்தகத்தைப் பிரித்தார். இரண்டு பக்கம் பார்ப்பதற்குள் வெண்மதி தன் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தாள். மேலேயும் கீழேயும் மடித்து, நடுவில் ஒரு வரி மட்டும் தெரியும்படி அவர் முன்னால் வைத்தாள். 21,806 என்று இருந்தது. மீதி வரிகளை மறைத்த மடிப்பின்மேல் அவள் விரல் இருந்தது. அவர் அந்த விரலையும் பார்த்தார், வெண்மதியையும் பார்த்தார். விரலை எடு என்று சொல்லவில்லை.

“சரி. இது போக நாப்பத்திரெண்டாயிரம் இருக்கு. இது யாரோடதும்மா?” என்று தைலம்மாளைக் கேட்டார்.

வராந்தாவில் மூன்று பேரும் எழுந்து கதவோரம் வந்துவிட்டார்கள். கொளஞ்சியின் புருஷன் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றான்.

“என்னுதுங்க,” என்றாள்.

“யோசிச்சுச் சொல்லுங்க. உங்களுக்குச் சொந்தமில்லைன்னா யாரோடதுன்னு சொல்லுங்க, எழுதிக்கறேன். பென்ஷன் நிக்காது. உங்க பணம்னு சொல்லிட்டீங்கன்னா, ஆதரவே இல்லாதவங்கன்னு நான் எழுத முடியாது.”

அவர் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டமாக இருந்தது. அதட்டிக் கேட்டிருந்தால் வீம்புக்காவது ஒரே வார்த்தையில் முடித்திருப்பாள். இவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். மூன்று பெயர். ஒரு நிமிஷம்கூட ஆகாது. சொல்லிவிட்டால் மாதம் ஆயிரம் ரூபாய், சாகிற வரைக்கும். அவளுக்குச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. இல்லை என்று யார் சொன்னாலும் அது பொய்.

கதவைத் திரும்பிப் பார்த்தாள். கொளஞ்சியின் புருஷன் சட்டைப் பையில் கைபேசிக்குப் பக்கத்தில் அடகுக்கடைச் சீட்டு நீட்டிக்கொண்டிருந்தது; போன மாதம் கொளஞ்சி சொல்லி அழுத கால் கொலுசாகத்தான் இருக்கும்.

“மத்ததெல்லாம் என்னுதுதான் சார். எழுதிக்குங்க.”

தாசில்தார் கொஞ்ச நேரம் அவளுடைய வெளுத்துப்போன புடவையையும் வெறும் கழுத்தையும் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். வட்டிக்கு விட்டதாகச் சொல்லப்பட்ட புகாருக்கு ஆதாரம் இல்லை; வங்கியில் சேமிப்பு இருப்பதால் அடுத்த மாதம் முதல் உதவித்தொகை நிறுத்தப்படுகிறது. வாசித்துக் காட்டினார். அவள் கையெழுத்துப் போட்டாள். வெண்மதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தாள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் காத்தவராயன் நின்றுகொண்டிருந்தான். மற்ற மூன்று பேரும், புகார் பாதி ஜெயித்த சந்தோஷத்தில் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். பவானி, தைலம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அடி விழுந்தால் நடுவில் விழ வேண்டும் என்று தைலம்மாள் அரை அடி முன்னால் நடந்தாள்.

“எப்பலேர்ந்து?” என்று கேட்டான் காத்தவராயன்.

“அனுப்பிரியா மூணாவது படிக்கச்சேருந்து,” என்றாள் பவானி. பெண் இப்போது பதினொன்றாவது. நர்சிங் படிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறவள்.

அவன் கணக்குப் போடுவதுபோல நின்றான். பிறகு ஸ்டாண்டில் இருந்த யாருடைய சைக்கிள்மேலோ கையை ஊன்றிக்கொண்டான்.

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?”

பவானி அவன் முகத்தையே பார்த்தாள். அவனே தலையை ஆட்டிக்கொண்டான்.

“சொல்லியிருந்தா ஒரு மாசத்துல கரைச்சிருப்பேன்,” என்றான். அப்புறம் தைலம்மாளைப் பார்த்து, மனுவை வாபஸ் வாங்கினால் பென்ஷன் திரும்ப வருமா என்று கேட்டான். வராது, தாசில்தார் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்றாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தான். பவானி பின்னாலேயே போனாள். இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறினார்கள்.

தைலம்மாள் வீடு வந்து சேர்ந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, மற்ற மூன்று பெண்களும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். மூச்சு வாங்க நின்றார்கள்.

“எங்க பேரு எதுவும் வரலியே யக்கா?” என்றாள் ரத்தினம்மாள்.

“வரல.”

“நெசமா?”

“நெசந்தான்.”

கொளஞ்சி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, காளி காப்பாத்துனா என்றாள். மலர்க்கொடி தைலம்மாளின் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மூன்று பேரும் உலை வைக்க வேண்டும் என்று ஓடிவிட்டார்கள். பென்ஷன் என்ன ஆயிற்று என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை.

தைலம்மாள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த ஆயிரம் ரூபாய்க்காகத்தான் அழுதாள். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. அழுது முடித்தபோது அவளுக்கு மூன்று பேர்மேலும் கோபம் கோபமாக வந்தது. காளி காப்பாற்றினாளாம். காளியா அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்? இனிமேல் எவள் வந்து நின்றாலும் புத்தகத்தை விட்டெறிந்துவிட வேண்டும் என்று அன்றைக்கும் நினைத்தாள், மறுநாளும் நினைத்தாள்.

அடுத்த வாரமே பவானி தன் பெயரில் முதுநகர் பாங்கிலேயே கணக்குத் தொடங்கிக்கொண்டாள். காத்தவராயன் கூடவே போய் வெளியே நின்றானாம், உள்ளே வரவில்லையாம். தைலம்மாள் சிதம்பரம் போய் அவளுடைய பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தாள். அடுத்த மாதம் ஐந்தாம் தேதி தபால்காரர் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோலத் தெருவைத் தாண்டிப் போனார். அரிசி ரேஷனில் இலவசம். பருப்பு வாங்குவதை நிறுத்தினாள். வாடகைக்காக ஒரு பித்தளை அண்டாவை விற்றாள்.

மாதக் கடைசியில், வழக்கமாக அவள் காளி கோயிலுக்குக் கிளம்புகிற நாளுக்கு முந்தின நாள், மத்தியானம் ஆண்பிள்ளைகள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில், மூன்று பேரும் வந்தார்கள். கையில் மடித்த நோட்டு இருந்தது. கொடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்கள். கொளஞ்சியின் கன்னத்தில் ஒரு வீக்கம் இருந்தது. அதைப் பார்த்ததும் விட்டெறிய வேண்டும் என்று வைத்திருந்த புத்தகத்தைத் தைலம்மாளால் விட்டெறிய முடியவில்லை.

“இன்னும் வாங்கிக்குவியா யக்கா?” என்றாள் கொளஞ்சி.

“வாங்கிக்கிறேன். ஆனா இந்த மாசத்துலேர்ந்து பஸ் சார்ஜ நீங்கதான் குடுக்கணும்,” என்றாள் தைலம்மாள். “போவ வர நாப்பது ரூவா. இத்தினி வருசமா பென்ஷன்லேர்ந்து போட்டுக்கிட்டுப் போனேன். இப்ப எங்கிட்ட இல்ல.”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எட்டு வருஷம், மாதம் தவறாமல் ஒரு பஸ் போய் வந்திருக்கிறது. அதற்கு டிக்கெட் யார் எடுத்தது என்று அவர்களில் ஒருத்திக்கும் இதுவரை தோன்றியதில்லை. ரத்தினம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்க்கப் போனாள். அவசரத்தில் முடிச்சு அவிழவே இல்லை.